ஸ்ட்ரெய்னர் மூடியில் பூசிய களிமண்

நீச்சல் குளத்துப் பம்ப்பில் நான் கை வைத்தது ஒரே ஓர் இடத்தில்தான். எண்பதுகளின் நடுவில், மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ். அதுவரை தருமபுரியில் கடை போட்டுக் கிணற்று மோட்டார்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பம்ப்தானே என்ற திமிரில் ஒப்புக்கொண்டேன். அந்தத் திமிர் வேறொருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

பம்ப் பழசு. குளத்து நீர் மட்டத்துக்கு மேலே ஒரு சின்ன அறையில் இருந்தது. தண்ணீரை இழுக்கும் சக்‌ஷன் பைப் பம்ப்பில் சேரும் இடத்தில் இலை, தலைமுடி எல்லாம் தங்குவதற்கு ஸ்ட்ரெய்னர். அதன் மூடிக்கு அடியில் ரப்பர் வாஷர். முதல் தடவை போனபோதே அது தேய்ந்திருந்தது. கம்பெனி வாஷர் வேண்டுமென்றால் மெட்ராசுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். லாரி டியூபை வெட்டிப் போட்டுவிட்டேன். கிணற்று மோட்டாருக்கு அப்படித்தான் செய்வோம், வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் குளத்தில் தினமும் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். அது டியூப் ரப்பரை என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை.

பம்ப் ஆபரேட்டர் மாதம்மா. புருஷன் அங்கே வேலையில் இருந்து இறந்ததால் அவருக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். கூடவே பின்பக்கம் ஒரு ரூம். இரண்டு பெண் பிள்ளைகளோடு அதில் இருந்தார். தினமும் காலையில் ஸ்ட்ரெய்னரில் தண்ணீர் ஊற்றி மூடி, பம்ப்பைப் போட்டு, தண்ணீர் அழுத்தம் காட்டும் கேஜ் முள் ஏறுகிறவரை பக்கத்திலேயே நிற்பார். அவ்வளவு பொறுப்பு.

நாலைந்து மாதம் கழித்து ஏர் இழுக்கிறது என்று ஆள் அனுப்பினார். குளத்தில் தண்ணீர் விழும் இடத்தில் குமிழ் குமிழாக வந்தது. தண்ணீர் ஒழுகும் ஜாயிண்ட் என்றால் ஈரம் தெரியும். காற்று இழுக்கும் ஜாயிண்ட் காய்ந்தே இருக்கும். அதனால் பம்ப்பை ஓடவிட்டு, ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு ஜாயிண்டாகக் காட்டினேன். லீக் இருந்தால் புகை உள்ளே போகும். பைப்பை இணைக்கும் யூனியன், வால்வு, மரை எல்லாம் பார்த்தேன். மூடியை மட்டும் பார்க்கவில்லை.

“பாய், அந்த மூடிகிட்ட உஸ்ஸுன்னு சத்தம் கேக்குதுங்க” என்றார் மாதம்மா.

“அது நான் போட்டதும்மா. அங்க ஒண்ணும் இருக்காது” என்றேன். யூனியனுக்குச் சணல் சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது மூடியைச் சுற்றி ஈரக் களிமண் பூசியிருந்தது. மாதம்மா தினமும் காலையில் புதிதாகப் பூசுகிறாராம். குமிழ் நின்றிருந்தது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மண்ணைப் பூசுவதற்கு இதென்ன கிணற்று மோட்டாரா என்று கேலி பேசினேன். லாரி டியூபைப் போட்டவன் நான்.

பிறகு ஒருநாள், ஹெட் ஆபீஸிலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தபோது, மேனேஜர் பம்ப் ரூமை எட்டிப் பார்த்திருக்கிறார். மண்ணைக் கண்டு மாதம்மாவைத் திட்டி, கழுவச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை முள் ஏறியதும் மாதம்மா குளத்தோரம் கூட்டப் போயிருக்கிறார். அதற்குள் ஏர் புகுந்து, பம்ப் தண்ணீரில்லாமல் ஓடி, மோட்டாரின் காயில் கம்பி எரிந்துவிட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “பம்ப்பைப் போட்டுட்டு எங்கயோ போயிட்டா, பாய். ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுங்க” என்றார்.

மூடியைத் திறந்தேன். என் டியூப் வாஷர் இறுகிப்போய், நகம் நுழையும் அளவுக்கு ஓரிடத்தில் வெடித்திருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பினால் வாசலில் மாதம்மா. பார்த்துவிட்டார்.

“நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க, பாய். வேல போனா வூடும் போயிருங்க” என்றார். வாஷரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

என் வாஷரால் மோட்டார் எரிந்தது என்று தெரிந்தால் தருமபுரியில் ஒருத்தரும் என்னை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தேன். மேனேஜர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதம்மாவுக்கு வேலை போனது. அந்த வாரமே ரூமைக் காலி செய்துகொண்டு, பிள்ளைகளோடு பாப்பிரெட்டிப்பட்டிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மோட்டார் ரீவைண்டிங் முடிந்து மாட்டப் போனபோது சரியான வாஷரை வாங்கிப் போயிருந்தேன். புது ஆபரேட்டர் நாற்பது வயது ஆள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

“தெரியுங்க. மூடிகிட்ட தெனமும் காது வெச்சுக் கேக்கச் சொல்லி அந்தக்கா போறப்பவே சொல்லிட்டுப் போச்சு” என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். லீக் தேடும்போது முதலில் உங்கள் கை பட்ட இடத்தைப் பாருங்கள். மிஷின் பக்கத்தில் தினமும் நிற்கிறவர் சொல்வதைக் கேளுங்கள். நடந்ததை நான் அன்றைக்கு மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் சொல்கிறேன். மாதம்மாவுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.