கிரைண்டர் பிளக்கில் கட்டிப்போட்ட கார்

எங்கள் வயரிங் தொழிலில் காதுக்குத்தான் முதல் வேலை, கண் அப்புறம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக்குள் நுழைகிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். ஏதோ மோட்டாரின் காயில் கருகப்போகிறது என்று எட்டிப் பார்த்தால், பொம்மை மாதிரி ஒரு கார், மாவரைக்கிற கிரைண்டரின் பிளக்கில் கட்டிப்போட்டிருந்தது. இரண்டாயிரத்துக்கு அப்புறம் ரெண்டு மூன்று வருஷம் இருக்கும். ராத்திரி ஷிஃப்டில் தூக்கத்தைத் தொலைத்த சகாக்களே, யாரும் சொல்லித்தராமல் மோட்டார் வேலை கற்றவன் நான். அன்று வாய் பிளந்து நின்றேன்.

வலது கால் போதும்

பிளக் சுடுகிறது என்று கூப்பிட்டவர் அந்த வீட்டு டீச்சர். சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. ஐயம்பேட்டைப் பள்ளிக்குப் போக டவுன் பஸ் படி ஏற முடியவில்லை. இன்னும் ஒரு நாள் லேட்டானால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். கரண்டில் ஓடுகிற இந்தக் காரில் இடது காலால் மிதிக்கிற கிளட்ச் கிடையாது.

கனமான பிளக்காக மாற்றினேன். சுவரில் மூன்று ஓட்டை, அதிலிருந்து ஒரு மனுஷியைப் பத்து கிலோமீட்டர் தூக்கிப் போகிற பலம் வருகிறது. டீச்சர் சொன்னார்: “இத்தனை வருஷம் மாவு அரைச்சுது, இனிமே என்னையும் கொஞ்சம் நகர்த்தட்டும்.”

கரியும் உப்பும்

அப்புறம் பார்த்தால் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வீட்டுக்கே இல்லை. முற்றத்தில் குழி தோண்டி, எர்த் கம்பி இறக்கி, கரியும் உப்பும் கொட்டினேன். பக்கத்து வீட்டுப் பட்டுத் தறிக்காரர் ஏகாம்பரம் மதில்மேல் கையூன்றிப் பார்த்தார். “இன்னாபா, வண்டிக்கு ஊறுகா போடுறியா?”

தரையில் கிடந்த வயர்

ஒருநாள் வாசலில் சாக்கடைக்குத் தோண்டிவிட்டார்கள். காரைத் தெருவில் நிறுத்தி, நீள வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு ராத்திரி ஷிஃப்டுக்குப் போனேன். விடிகாலை திரும்பினால் ரப்பர் கருகிய நாற்றம். மிச்ச வயரை யாரோ மரக்கட்டையில் இழை பிசகாமல் இறுக்கச் சுற்றியிருந்தார்கள். சுற்றின வயர் சூடேறி, உருகி, சார்ஜ் பாதியில் நின்றுவிட்டது. சார்ஜ் காட்டுகிற முள் கால்வாசியில். போய்ச் சேரும், திரும்புமா தெரியாது.

ஏகாம்பரம் தலைகுனிந்து நின்றார். “நாந்தாம்மா. எங்க வூட்ல நூலு தரையில கெடக்கக்கூடாது. கண்ணு பொறுக்கல.”

சுற்றக்கூடாது என்று சொல்லாமல் போனது என் தப்பு. அதையும் சொன்னேன். டீச்சர் யாரையும் திட்டவில்லை. கைத்தடியைப் பின் சீட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். “போறதுக்கு இருக்கோல்லியோ? வர்றதைச் சாயங்காலம் பாத்துக்கறேன்.”

கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. தெருவில் படுத்திருந்த நாய்கூடத் தலை தூக்கவில்லை. முதல் மணிக்கு முன்னால் வந்துவிட்டேன் என்று பள்ளியிலிருந்து டீச்சரின் போன் வரும்வரை நானும் ஏகாம்பரமும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். பள்ளியிலேயே சார்ஜ் போட, புது வயரோடு ஏகாம்பரம் ஐயம்பேட்டை பஸ்ஸுக்குக் கிளம்பினார், சுற்றாமல், தோளில் தளரப் போட்டுக்கொண்டு.

பட்டுக்கு ஆகிற ஒழுங்கு கரண்டுக்கு ஆகாது என்பதை வாய்திறந்து சொல்லவேண்டும் என்பது நாற்பத்தெட்டு வயதில்தான் எனக்கு உறைத்தது என்று நினைத்தபடி, கருகின வயரிலிருந்து பிளக்கைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.