வாலில் ஒரு குங்குமக் கோடு

வாலின் மூடியைக் கழற்றியதும் முதலில் நாற்றம்தான் வெளியே வந்தது. புளித்துப்போன சந்தனம், பல்லி எச்சம், எங்கோ ஒளிந்துகொண்டு அழுகிய சாமந்திப்பூ. பினாங்கு விமான நிலையத்தின் ஓரத்தில், சின்னத் தனியார் விமானங்கள் நிற்கும் கொட்டகை ஒன்றில் நான் பழுதுபார்ப்பவன். கிரீஸ் வாடை எனக்குப் பழகியது. கழுவ மறந்து ஒரு வாரம் கிடந்த சாப்பாட்டு டப்பா வாடை பழகியதல்ல. காலையில் புக்கிட் மெர்தாஜாமில் விழுங்கிவிட்டு வந்த மூன்று ரொட்டி சானாயும் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

விமானம், லிட்டில் இந்தியாவில் துணிக்கடை மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டருடையது. நான்கு பேர் உட்காரலாம். மூக்குக்கு அடியில் ஒரு சக்கரம், வயிற்றுக்கு அடியில் இரண்டு. அந்தச் சனிக்கிழமை மனைவியை லங்காவித் தீவுக்குக் கூட்டிப்போவதாக இருந்தார். "அந்தத் தகர டப்பாவில் ஏறமாட்டேன்" என்று வருடக்கணக்காக மறுத்துவந்த அந்த அம்மா, அந்த வாரம்தான் மனம் இறங்கியிருந்தார். அதற்குமுன் விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டியது நான்.

மூக்கைப் பொத்திக்கொண்டு துணியால் துடைத்தேன். எல்லாம் வந்தது, ஒரு கோடு மட்டும் வரவில்லை. வாலின் இரு பக்கமும் படுத்தவாக்கில் நீண்டிருக்கும் சின்ன இறக்கைகளை உள்ளிருந்து தாங்கும் அலுமினியத் தண்டில், மயிரிழை போலச் சிவப்பாக ஒரு கோடு. நகத்தால் வருடினேன். நகம் மாட்டியது.

விரிசல்.

சந்தேகப்படும் இடத்தில் நாங்கள் ஒரு சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தெளிப்போம். விரிசலுக்குள் புகுந்த சாயம் பொடியில் ஊறிக் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்த வேலையைப் பூஜைக் குங்குமம் முடித்து வைத்திருந்தது. விமானத்தைக் கழுவிய தண்ணீரோடு உள்ளே இறங்கி அங்கேயே குடியேறிவிட்டது. ஆனாலும் முறைப்படி சாயம் தடவிப் பார்த்தேன். அதே கோடு, இன்னும் கொஞ்சம் நீளமாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்டின் அந்த இடத்தில் இப்படி விரிசல் விழுந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது ஒரு பழக்கத்தை. தரையில் விமானத்தைத் திருப்பச் சோம்பல்பட்டு, வாலைக் கீழே அமுக்கி மூக்கைத் தூக்குவது. மூக்குச் சக்கரத்தில் இழுகம்பியை மாட்டித் திருப்பு, வாலில் கை வைக்காதே என்று கையேட்டிலேயே இருக்கிறது.

கொட்டகையின் கணக்கும் கடிதமும் பார்க்கும் அக்கா, மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் காதுபடத் திட்டித் தீர்த்தேன்.

"வாலைப் புடிச்சு அமுக்கியிருக்கான் அக்கா. எருமைமாட்டு வாலுன்னு நெனச்சானா? இவனெல்லாம் என்ன பொறப்பு? பாத்தாலே வாந்தி வருது!"

"இருங்க தம்பி," என்றார் அக்கா, கைப்பேசியைத் தேய்த்தபடி. "அந்தப் பொறப்போட படம் எங்கிட்ட இருக்கு."

எங்கள் கொட்டகையில் எடுத்த ஆயுத பூஜைப் படங்கள். காருக்கு என்றால் சக்கரத்தின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிடலாம். இந்த விமானத்தின் சக்கரங்களுக்கோ தரையை ஒட்டி உறை இருக்கிறது. பழத்தை முன்னால் வைத்தால் உறை அதை உருட்டிக்கொண்டே போகும், நசுங்காது. இந்தப் பிரச்சினைக்கு ஒரு மேதை வழி கண்டுபிடித்திருந்தான். வாலை அமுக்கு, மூக்குச் சக்கரம் எழும், பழத்தை அடியில் வை, விட்டுவிடு. சொத்! எல்லோரும் கைதட்டுவார்கள்.

படத்தில் பட்டுவேட்டி கட்டி, இரண்டு கைகளையும் வாலில் ஊன்றி, தொப்பையையும் அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான் அந்த மேதை. நான்தான்.

"அஞ்சு வருஷப் படம் தம்பி. வேட்டிகூட அதேதான். தொப்பை மட்டும் வருஷா வருஷம் புதுசு."

நான் அந்த இளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லி எச்சத்தைத் துடைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை.

மத்தியானம் டாக்டர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இத்தனூண்டுதானே அண்ணே? ஏதாச்சும் பூசி அடைச்சிருங்க லா. லங்காவி போய்ட்டு வந்து பாத்துக்கலாம். இந்தத் தடவ விட்டா அவ ஜென்மத்துக்கும் ஏறமாட்டா."

"சொத்தப் பல்ல நோண்டாம மேல சிமெண்ட் பூசி அனுப்புவீங்களா டாக்டர்?"

"அது வேற லா."

"வேறதான். பல்லு விழுந்தா துப்பிரலாம். வாலு விழுந்தா கூடவே நாமளும் விழணும்."

அவர் முகம் சுருங்கியது. "சரி, யாரு செஞ்ச வேல இது?"

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. என் வாயில் மூன்று பொய்கள் வரிசையில் நின்றன. பழைய விமானம், தேய்மானம். நீங்கள் தரையிறக்கும்போது கொஞ்சம் பலமாக இடித்திருப்பீர்கள். முன்பு வேலை பார்த்த பட்டறைக்காரன். மூன்றும் நம்பும்படியாகவே இருந்தன. மூன்றிலும் அந்தப் புளித்த சந்தன வாடை அடித்தது.

"நான்தான் டாக்டர். எலுமிச்சம்பழம் நசுக்க."

டாக்டர் வாலைப் பார்த்தார், என் தொப்பையைப் பார்த்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "நானும்தானே கைதட்டினேன்..." என்றார். உடனே மனைவியின் எண்ணை அழுத்திக் கைப்பேசியை என் கையில் திணித்தார். "நான் சொன்னா சாக்குன்னுவா. நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மா நேராகக் கேட்டார்.

"ஒடச்சதும் நீங்க, ஒட்டப்போறதும் நீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப நான் ஏறுற அன்னிக்கு நீங்களும் ஏறுங்க. நீங்க ஏறலேன்னா நானும் ஏறல."

இருபது வருடமாக யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்த ரகசியம் ஒன்று எனக்கு உண்டு. சின்ன விமானம் என்றால் எனக்கு உயிர் போகும் பயம்.

பழுதுக்கு வேண்டிய அலுமினியத் தகடு வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. கையேட்டில் இந்த அளவு விரிசலுக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதை வரி பிசகாமல் செய்தேன். விரிசல் முடியும் இடத்தில் சின்ன வட்டத் துளை போட்டேன். கூராக ஓடுவது, வட்டத்துக்கு வந்தால் மேலே ஓட வழியில்லாமல் நிற்கும். மேலே வலுத்தகடு வைத்து ரிவெட் ஆணி அடித்தேன். என் வேலையை நானே நம்பத் தயாராக இல்லாததால் வேறொரு பொறியாளரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னேன். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில், 'பூஜையின்போது வாலை அமுக்கியது' என்று எழுதி, என் பெயரையும் எழுதினேன். கடைசியாக வாலின் இரண்டு பக்கமும் 'இங்கே அமுக்காதே' என்று மூன்று மொழியில் வண்ணம் அடித்தேன். தமிழில் மட்டும் எழுத்து கொஞ்சம் பெரிசு. யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் முதலில் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். அடுத்த சனிக்கிழமை மூவரும் ஏறினோம். ஏறுவதற்கு முன் எடையைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

"எத்தன கிலோ அண்ணே?"

"தொண்ணூறு."

"பொய் சொன்னா விமானம் கேக்காது."

"தொண்ணூத்தெட்டு."

மேடம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

கடலுக்கு மேலே ஏறியதும் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. என் காது முழுக்கப் பின்னால் வாலில்தான் இருந்தது, ஒவ்வொரு ரிவெட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக. நெற்றியெல்லாம் வியர்த்தது. காலை ரொட்டி சானாய் மறுபடி எட்டிப் பார்த்தது.

மேடம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு பயமும் இல்லை. கைப்பையைத் துழாவி எதையோ எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"மயக்கமா இருந்தா மோந்து பாருங்க அண்ணே."

எலுமிச்சம்பழம். ஐந்து வருடமாக வாலை அமுக்கி நான் நசுக்கிய அதே ஜாதி. ஆனாலும் வாங்கி, லங்காவிவரை மூக்கிலிருந்து எடுக்காமல் போனேன்.