கிளியரா வேணும்

பூச்சி பறக்கும் படத்துக்குள் முகம் தேடித் தருவதுதான் என் தொழில்.

தொண்ணூறுகளில், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு மாடி அறை. இரண்டு வி.சி.ஆர்., ஒரு டி.வி., பஞ்சு, ஸ்பிரிட், நான். டி.வி.யிலிருந்து வீட்டில் பதிவு செய்த கேசட், கல்யாண கேசட், கடற்காற்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த கேசட் எல்லாம் என்னிடம் வரும். உங்கள் பீரோவிலும் புடவைக்கு அடியில் அப்படி ஒன்று கிடக்கும். போட்டால் மேலே கோடு, கீழே கோடு, நடுவில் சித்தப்பா நெளிவார். நீங்களும் டி.வி. தலையில் தட்டியிருப்பீர்கள். ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்கு ஆள் அனுப்பிவிட்டு, "வந்துச்சா? வந்துச்சா?" என்ற குரலுக்குக் கீழேயிருந்து தொண்டை வலிக்கப் பதில் சொல்லியிருப்பீர்கள். அதனால் நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

போர்டு

தேனாம்பேட்டையில் ஒருவர், "எந்தப் பழைய கேசட்டும் புத்தம் புதுசாக்கித் தரப்படும்" என்று போர்டு வைத்தார். அவர் செய்தது வெளிச்சத்தைத் தாறுமாறாக ஏற்றிக் காப்பி எடுத்ததுதான். மணப்பெண்ணின் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். மூக்குத்தி எங்கே என்று தேட வேண்டும். ஆனாலும் என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும், "அங்க புதுசாவே ஆக்கித் தர்றாங்களாமே, உங்களால முடியாதா?" என்று கேட்டார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: "புதுசாக்க மாட்டோம். பதிவாகாததை வரவழைக்க மாட்டோம். பதிவானதை விட மாட்டோம்." அந்த அறையில் என்னோடு பங்குக்கு இருந்த கல்யாண வீடியோ கேமராமேன் பாபு, வாசலில் நின்று அதை முழுக்கப் படித்துவிட்டுச் சொன்னார்:

"கஸ்டமரை வாசல்லயே வெரட்டுற போர்டு மெட்ராஸ்லயே நம்மள்து ஒண்ணுதான் மேடம்."

ரெண்டு மகள்

மாடவீதிப் பக்கமிருந்து ஒரு மாமி, கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்தார். என்னைத் தாண்டி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டெக்னீஷியன் எப்போ வருவார்?" என்றார். "வந்தாச்சு மாமி, உக்காந்துண்டிருக்கேன்" என்றேன். நம்பாமல்தான் கேசட்டைக் கொடுத்தார்.

டி.வி.யில் இளைஞர் நிகழ்ச்சியில் மகள் பாடியதை ஆத்திலேயே பதிவு செய்திருந்தார்கள். நாடாவைத் துடைத்து ஓட்டியதில் பூச்சி குறைந்தது, பாவாடையின் அரக்கு நிறம் திரும்பி வந்தது. ஆனால் பாடகிக்குப் பக்கத்திலேயே, வெளிறிப்போய் இன்னொரு பாடகி. அவர்கள் வீட்டுக்கு எதிரே எழும்பிய புது அடுக்குமாடியில் டி.வி. அலை மோதித் திரும்பி வந்ததால் விழுந்த மறுபிம்பம் அது. போகாது என்று சொல்லிவிட்டேன். "போகாதுன்னா உங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம்" என்றார் மாமி. "தெரிஞ்சதனாலதான் முடியாதுன்னு சொல்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் முறைத்துக்கொண்டோம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமி அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"ஒருத்தியையே கட்டி மேய்க்க முடியலை, ரெண்டாவதா ஒருத்தி வந்து நிக்கறாளேன்னுதாம்மா கேட்டேன்."

ஓரத்தில் நின்றவள்

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குத் தென்காசிப் பக்கம். மகன் கல்யாண கேசட்டைக் கொண்டுவந்து, "கிளியர் பண்ணணும்" என்றார். போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. "இதுல என்ன கிளியர் பண்ணணும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் திரையில் ஒரு பெண்ணைக் காட்டினார். மூத்த மகள் பொன்மணி. தம்பி கல்யாணத்துக்கு அப்புறம் தன் இஷ்டத்துக்கு ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். இப்போது இளைய மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் இந்தக் கேசட்டைப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். "மத்தவங்களை கிளியர் பண்ணுங்க. இவளை மட்டும் மங்கலாக்கிருங்க."

முடியாது என்றேன். எப்படிச் செய்வதென்று தெரியவில்லையா என்றார். தெரியும், செய்ய மாட்டேன் என்றேன். அவர் முகம் சிவந்தது. தி.நகரில் தன் சொந்தக்காரர் ஒருத்தர்கூட இனி என் படியேற மாட்டார் என்றார். "வர்றவங்க முகத்தைத் துடைச்சுக் குடுக்கத்தான் இங்க உக்காந்திருக்கேன். அழிக்கிறதுக்கு வேற எடம் பாருங்க" என்று கேசட்டை உறையில் போட்டு நீட்டினேன். அண்ணாச்சி சொன்னபடியே செய்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த கல்யாண கேசட்டுகள் நின்றுபோயின.

சில நாள் கழித்து ஒரு அம்மா, கூடையில் கீரைக்கட்டுக்கு அடியிலிருந்து அதே கேசட்டை எடுத்தார். அண்ணாச்சியின் மனைவி. வீடியோக்காரன் விளக்கு மாப்பிள்ளை, பெண் மேலேயே இருந்ததால், தட்டு ஏந்தி ஓரத்தில் நின்ற பொன்மணி எல்லாக் காட்சியிலும் இருட்டில் இருந்தாள். அவள் வரும் இடங்களை மட்டும் பிரித்தெடுத்து வெளிச்சம் ஏற்றினேன். புள்ளி கொஞ்சம் கூடியது. ஆனால் கன்னக்குழி தெரிந்தது. அந்த அம்மா கண்ணாடித் திரையில் கன்னக்குழி மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டேன்.

"அவுகளுக்குத் தெரிஞ்சா தெரியட்டும். எனக்கு எம்மவ மொகம் தெரியணும்."

வாய் ஆடுது, சத்தம் இல்ல

கன்னியம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். ரோட்டோர மீன்கடைகளை எடுக்க லாரி வந்தபோது அதன் முன்னால் போய் நின்று பேசியிருக்கிறார், அது டி.வி. செய்தியில் வந்தது. வழக்கமாக அவரிடம் மீன் வாங்கும் ஒரு வீட்டார் அதைப் பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். கோடுகளைச் சரிசெய்ததும் கன்னியம்மா பளிச்சென்று வந்தார்: இடுப்பில் செருகிய புடவை, நீட்டிய விரல், பின்னால் லாரியின் மூக்கு. ஆனால் அவர் பேசப் பேச, மேலே செய்தி வாசிப்பவரின் குரல்தான் ஓடியது.

"இன்னா மேடம் இது? வாய் என்னுது, சத்தம் அவனுது. அவனைக் கொஞ்சம் அமுக்கேன்" என்றார். எனக்குத் தெரிந்த எல்லாக் குமிழையும் திருகிப் பார்த்தேன். இரண்டு குரலும் ஒன்றாகவே பதிவாகியிருந்தன. பிரிக்க முடியாது. பலமுறை ஓட்டியதில் ஒரே ஓர் இடம் அகப்பட்டது: வாசிப்பவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், "நாங்க எங்க போறது?" என்று கன்னியம்மா கேட்பது தெளிவாக விழுந்தது. அதை மட்டும் ஒலியைக் கூட்டி, திரும்பத் திரும்ப வருகிற மாதிரி காப்பி எடுத்துக் கொடுத்தேன். இதற்கு மேல் முடியவில்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர் ஒன்றும் கஷ்டப்படவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னார்:

"லாரி இன்னொரு தபா வராமலா பூடும்? நான் போய் அவன் மூச்சு வாங்கற நேரமாப் பாத்துப் பேசறேன், நீ மிஷினை ரெடியா வச்சிக்கினு இரு."

தீப்பெட்டி

தொண்ணூறுகள் முடிகிற சமயம், கேசட்டின் கதை முடிந்தது என்று பாபு உட்பட எல்லாரும் எனக்கு இரங்கல் சொல்ல ஆரம்பித்தார்கள். விடுவேனா? கம்ப்யூட்டர் வாங்கினேன். நாடாவில் பூச்சி பறந்தது, இதில் முகமே கட்டம் கட்டமாகப் பெயர்ந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

அடையாறிலிருந்து ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் சி.டி. கொண்டுவந்தார். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய வீடியோ ஃபைல். பேரன் முதன்முதலாக நடக்கிறான். திரையின் நடுவில் தீப்பெட்டி அளவுக்குப் படம் ஓடியது. பெரிசாக்கினால் பேரன் கலர் கட்டங்களாக நடந்தான். "கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியும்னு பையன் சொன்னானே" என்றார். "கம்ப்யூட்டரை எனக்கு வித்தவரும் அதேதான் சார் சொன்னார்" என்றேன். சின்னதாக்கும்போது தூக்கி எறிந்த விவரம் பெரிசாக்கும்போது திரும்பி வராது, கேமராவில் எடுத்த அசல் கேசட்டை அனுப்பச் சொல்லுங்கள், அதிலிருந்து பண்ணித் தருகிறேன், இதைத் தொடவே மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அவருக்கும் பிடிவாதம் பிடித்துக்கொண்டது. விறுவிறுவென்று இறங்கி, கீழே இருந்த டெலிபோன் பூத்துக்குள் போனார். மாடி வரைக்கும் கேட்டது:

"ஏண்டா, அங்க எல்லாமே பெரிசு பெரிசுங்கறியே, குழந்தையை மட்டும் ஏண்டா தீப்பெட்டில அடைச்சு அனுப்பியிருக்கே?"

என்னைக் கேட்டால், பூஞ்சை பிடித்த கேசட்டைக்கூட எப்படியோ துடைத்துவிடலாம். "கிளியரா வேணும்" என்று வருகிறவர் எதைக் கேட்கிறார் என்று கிளியராகக் காட்டுவதற்குத்தான் இன்னும் மிஷின் வரவில்லை.