ராணிக்கு வந்த உப்புசம்

எதிர்வீட்டு சுமதி தன் ஜெர்மன் ஷெப்பர்டுக்குச் சோறு வைப்பது எங்கள் கள்ளக்குறிச்சித் தெருவுக்கே கேட்கும். எவர்சில்வர் தட்டைத் தரையில் தள்ளிக்கொண்டே நக்கும் அது. நேற்று தட்டுச் சத்தம் ஓய்ந்த கையோடு சங்கிலியை மாட்டி ஓட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். "ஒரு மணி நேரம் போவட்டும்மா" என்றேன். "சாப்ட்டது ஜீரணம் ஆவ வேணாமா அங்கிள்?" என்றாள். உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு, நாய்க்குக் கிடையாதா என்று கேட்டுவைத்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பிட்ட கையோடு நாயை ஓடவிடக்கூடாது என்று நான் தெரிந்துகொண்ட கதை அப்படியொன்றும் பெருமையானதல்ல.

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாட்டுச் சாணமும் கரும்புப்பாகும் கலந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. இப்போதும் கடையில் வெல்லத்தை முகர்ந்தால் என் மூக்கு அந்தச் சாணத்தையும் தேடுகிறது, சிரிக்காதீர்கள். வண்டிக்காரர் ஏழுமலையின் வண்டிக்குப் பின்னால் ராணி ஓடிவரும். கரியாலூர்ப் பக்கத்திலிருந்து குட்டியாகக் கொண்டுவந்த நாய். நல்ல உயரம், இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு. அந்த வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் பாவம், பட்டினி என்று முடிவுகட்டினேன்.

ஒருநாள் மதியம் யாரோ விசேஷத்துக்குச் செய்த குஸ்கா மிச்சமிருந்தது. ஏழுமலை எடைச்சீட்டு வாங்கப் போயிருந்தார். ராணிக்கு அள்ளி அள்ளிப் போட்டேன், மேலே வாளித் தண்ணீரும் வைத்தேன். புண்ணியம் சேர்ந்த திருப்தி எனக்கு. சற்று நேரத்தில் வண்டி கிளம்பியது. காலி வண்டி என்றால் மாடுகள் ஓட்டமெடுக்கும். ராணியும் பின்னால் ஓடியது.

வேலை முடிந்து சைக்கிளில் வந்தால், வழியில் வண்டி நிற்கிறது. ராணி வாயைத் திறந்து திறந்து ஓங்கரிக்கிறது, நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது.

"மாட்டுக்கு வர்ற உப்புசம்தான் சார். நல்லெண்ண ஊத்தி நடக்கவுட்டா காத்து பிரிஞ்சிடும்" என்றார் ஏழுமலை. எண்ணெய் வாங்கிவந்து ஊற்றினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெகுநேரம் நடத்தினோம். விழுந்தபோதெல்லாம் தூக்கி நிறுத்தினோம்.

பிறகுதான் டிராக்டரில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எண்ணெய் ஊற்றி நடத்தியதை ஏழுமலை சொன்னார். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதுமே உதட்டைப் பிதுக்கினார். "இரைப்பை முறுக்கிக்கிச்சு. மாடு ஏப்பம் விட்டுடும், இதுக்கு வழியே அடைச்சிடுச்சு. நடக்கவெச்ச நேரத்துல வந்திருக்கணும். வயிறு முட்ட சாப்ட்டுட்டு ஓடிச்சா?"

"இல்லிங்கம்மா. வூட்டுக்குப் போய் இளைப்பாறினாதான் சோறு" என்றார் ஏழுமலை. என் பக்கம் திரும்பினார். "யார்னா எதனா போட்டாங்களா சார்?"

"தெரியலியே" என்றேன்.

ஊசி குத்திக் காற்றை எடுத்துப் பார்த்தார்கள். ராணி அங்கேயே செத்துப்போனது.

மறுநாளும் ஏழுமலை கரும்பு கொண்டுவந்தார். "நான்தான் சார் நடக்கவுட்டே கொன்னுட்டேன்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் தடுத்தது. எடையைக் குறித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

இப்போது கரும்பு பெரும்பாலும் டிராக்டரில்தான் வருகிறது. பின்னால் ஓடிவர நாய் இல்லை. ஏழுமலையும் போய்ச்சேர்ந்துவிட்டார், தான்தான் ராணியைக் கொன்றதாக நம்பிக்கொண்டே.