அண்ணன் முகத்து மஞ்சள்

பழவங்காடியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்துவது என் வேலை. மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படங்களில் எல்லோரும் மஞ்சள் தேய்த்துக் குளித்தவர்கள் மாதிரி இருப்பார்கள். படத்தில் வெள்ளையாக இருந்தாக வேண்டிய ஒன்றை, ஒரு வேட்டியையோ தட்டையோ தேடிப் பிடித்து, அதன்மேல் கிளிக் செய்ய வேண்டும். இதுதான் வெள்ளை என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டால் மற்ற நிறங்கள் தாமாகச் சரியாகிவிடும். ஒயிட் பேலன்ஸ் என்போம். பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுத்ததும் நான்தான். அண்ணன் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் சரக்கு பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் படத்திலும் சரியாக கிளிக் செய்யும் நேரத்தில் கண்ணை மூடிவிடுவார். அன்று அதிசயமாக, மகள் பக்கத்தில் கண்ணை அகலத் திறந்து நின்றார்.

மறுநாள் அந்தப் படத்தைத் திறந்து மாப்பிள்ளையின் அப்பா சட்டையில் கிளிக் செய்தேன். சட்டை வெளுத்தது, பின்சுவர் வெளுத்தது, பெண்ணின் முகம் தெளிந்தது. அண்ணன் முகம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது, கண்ணின் வெள்ளை உட்பட. அவர் பக்கத்துத் தூணில் ஏதோ அலங்கார விளக்கு எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வெளிச்சம் கலந்தால் அப்படி வருவது உண்டு. அவர் முகத்தில் மட்டும் தனியாக மஞ்சளைக் குறைத்தேன். கண்களில் இன்னும் கொஞ்சம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் மதினி, அண்ணன் மனைவி, போன் செய்தார். திருத்தாத படங்கள் சிலவற்றை முதல்நாளே அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"தம்பி, அவங்க கண்ணு மஞ்சளா இருக்கே?"

"அது ஹால் லைட்டு மதினி."

"வீட்ல பாக்கும்போதும் எனக்கு அப்படித்தான் தோணுது."

"வீட்லயும் மஞ்சள் பல்பு அல்லே? இருங்க, சரி பண்ணுனதை அனுப்புறேன்."

அனுப்பினேன். "இப்ப கொள்ளாம், நல்லா இருக்காங்க" என்று நிம்மதியாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து, உடம்பெல்லாம் அரிப்பு, சோறு இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கணையத்தில் கட்டி, அதனால் காமாலை. "கண்ணு முன்னாடியே மஞ்சளாயிருக்குமே, வீட்ல யாரும் பாக்கலையா?" என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஸ்கேன் கவரை மடித்துக்கொண்டிருந்தேன். முன்னாடியே வந்திருந்தால் பிழைப்பாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை எவரிடமும் கேட்கவில்லை.

மகளின் கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் போய்விட்டார்.

மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. "நிச்சயத்துல எடுத்தது போதும். அதுலதான் கண்ணு திறந்திருக்காங்க" என்றார் மதினி. ஸ்டுடியோவில் அதைத் திறந்து, அவர் முகத்தில் நான் செய்த திருத்தத்தை மட்டும் நீக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே அந்த மஞ்சள் அப்பட்டமாக இருந்தது. எந்த விளக்கும் அவர் பக்கத்தில் எரியவில்லை. தூணே அங்கு இல்லை.

இரண்டையும் பிரிண்ட் போட்டு வலியசாலை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"மதினி, அன்னிக்கு அது லைட்டு இல்ல. மத்தவங்க எல்லாரும் சரியாயிட்டாங்க, அண்ணன் மட்டும் ஆகல. நான்தான் அந்த மஞ்சளை எடுத்துட்டேன்."

இரண்டையும் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தினமும் அந்த முகத்தைப் பார்த்தவ நான். உன் படத்தைப் பார்த்துத்தான் சமாதானமானேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆறுதலும் இல்லை.

திருத்திய படத்தைச் சட்டம் போடக் கொடுத்தார். மற்றதைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் படத்தைப் பார்த்து, "எவ்வளவு தெளிவா இருக்காரு, அசுகம் ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். நான் வாசலுக்கு எழுந்து போய்விட்டேன். அந்த வீட்டுக்குப் போவதையும் பிறகு குறைத்துக்கொண்டேன். ஏன் வரவில்லை என்று மதினியும் கேட்பதில்லை.