மகன் போன பங்கர்

ஈராக்கில் சண்டை தொடங்கிய அந்த வருடம் நான் ஷார்ஜாவில் மகன் வீட்டில் இருந்தேன். விசிட் விசாவில் போனவள். மகனுக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. ஃபுஜைராவில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு போய், கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கிற பெரிய கப்பல்களுக்குக் கொடுத்துவிட்டு வருகிற சின்னக் கப்பல் அது. சண்டை வரப்போகிறது என்றதும் நேவிக்காரர் அதைத் தங்கள் தேவைக்கென்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவனுக்கு லீவும் நின்றுபோயிற்று.

வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள், ஒரு கிளினிக்கில் வேலை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நான் குழம்பு வைக்கும்போது வந்து நின்று, "அவருக்குப் புளி கூடாது மாமி" என்பாள். அவன் எவ்வளவு புளி தின்பான் என்பதைப் பெற்றவளுக்குச் சொல்லித் தருகிறாள். நான் பேசாமல் புளியைக் குறைப்பேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம், எதிர்த்துப் பேச வராது. மனதுக்குள் மட்டும் பேசித் தீர்ப்பேன்.

லீவு நிற்பதற்கு முன் கடைசியாக வந்தபோது மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே கப்பல் கதை சொன்னான். அவளைப் பார்த்துத்தான் சொன்னான். நான் சொதிச் சட்டியோடு குசினி வாசலில் நின்று கேட்டேன். சாம்பல் நிறப் போர்க்கப்பல் மலை மாதிரி நிற்குமாம். இவர்களுடைய கப்பல் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போய், தொடைப் பருமனில் குழாய் பூட்டி எண்ணெய் விடுமாம். இரண்டு கப்பலும் உரசாமல் இருக்க நடுவில் பெரிய ரப்பர் உருளைகளைத் தொங்கவிடுவார்களாம். எந்தக் கப்பல், எங்கே போகிறது என்று யாரும் சொல்லமாட்டார்களாம், கேட்கவும் கூடாதாம். "நாங்கள் இல்லாட்டி அவங்கட சண்டை ஓடாது" என்று சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். நேவிக்காரர் கொடுத்த தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து அவள் தலையில் வைத்துவிட்டான். எனக்கு ஒரு பெட்டி அப்பிள். அப்பிள் என் பல்லுக்கு ஆகாது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

பிறகு வெறும் போன்தான். கப்பல் கரைக்குக் கிட்ட வந்தால் எடுப்பான். மணி அடித்தால் நான் தொடமாட்டேன், "பிள்ளை, போன்" என்று கூப்பிடுவேன். வயர் இல்லாத போன், அவள் அதை அறைக்குள் கொண்டுபோய்விடுவாள். எல்லாம் கதைத்து முடித்தபிறகு வெளியே வந்து, "இந்தாங்கோ மாமி, கெதியாக் கதையுங்கோ, கட் ஆகப்போகுது" என்று நீட்டுவாள். சாப்பிட்டீர்களா என்பான். ஓம் என்பேன். கட் ஆகிவிடும். பானையில் அடிப்பிடித்த மிச்சம் மாதிரி எனக்கு வந்து சேரும் கதை.

சண்டை தொடங்கிச் சில நாட்களில், அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. அவள் கதைத்தது கேட்டது. "இண்டைக்கும் பங்கரோ? விடியவிடியப் பங்கர் எண்டா எப்ப நித்திரை கொள்ளுறது?"

அடுப்பை நிறுத்திவிட்டு வந்து கதவடியில் நின்றேன்.

வருடக்கணக்காகச் சண்டை நடந்த எங்கள் ஊரில் பங்கர் என்றால் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். 'ட' எழுத்துப் போல் குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, பழைய சேலையில் தைத்த மண்மூட்டை போடுவோம். பிளேன் சத்தம் கேட்டால் எல்லோரும் அதற்குள். என் கல்யாணச் சேலையும் மண்மூட்டையாகத்தான் போனது. அந்தக் குழிக்குள் என் மடியில் கிடந்து வளர்ந்தவன் அவன். தப்பட்டும் என்று கடல் தாண்டி அனுப்பினால், அங்கேயும் பங்கருக்குள் கிடக்கிறானா?

அவளோ போனை வைத்துவிட்டு வந்து நகத்துக்குப் பூச்சுப் பூசினாள். டிவியில் பக்தாத் எரிந்தது. ஐயோ என்று சொல்லிவிட்டு நாடகத்துக்கு மாற்றினாள். எனக்கு மறைக்கிறாள் என்று நினைத்தேன். பயத்தைவிட அதுதான் அதிகம் எரித்தது. பங்கர் என்ற சொல்லை அவன் என்னிடமல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவள் பங்கரைக் கண்டாளா, அதற்குள் இருந்தாளா? அவனுக்காகப் பயப்படுகிற உரிமையையும் அவள் வாங்கிக்கொண்டாள், வாங்கிவிட்டுப் பயப்படவும் இல்லை.

அடுத்த முறை மணி அடித்தபோது அவள் டியூட்டியில். நான் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மணி நின்றுவிடும் போலிருந்தது. எடுத்துவிட்டேன்.

"அம்மாவோ? அவள் எங்க?"

முதல் கேள்வியே அதுதான். வேலைக்குப் போய்விட்டாள் என்றேன். பிறகு எடுக்கிறேன், பங்கர் தொடங்கப்போகிறது என்றான்.

"வையாத தம்பி. பங்கருக்குள்ள தண்ணி நிக்குதோ?"

"என்ன தண்ணி?"

"ஈரச் சாக்கில படுக்காத. உனக்கு இழுப்பு வரும்."

கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் காது அடைத்தது. கப்பலுக்கு எண்ணெய் விடுகிறதற்குத்தான் பங்கர் என்று பேராம். முந்தி கப்பல்கள் கரியில் ஓடின காலத்தில் கரி கொட்டி வைக்கிற அறையைப் பங்கர் என்பார்களாம். கரி போய் எண்ணெய் வந்தும் பேர் போகவில்லையாம். அந்தக் காலத்துச் சண்டைகளில் இவனைப் போன்றவர்கள் போர்க்கப்பலுக்குக் கரி சுமந்தார்களாம். தான் மேலே நல்ல காற்றில் நிற்பதாகச் சொன்னான். எனக்கு உயிர் வந்தது, வெட்கமும் வந்தது.

போனை வைப்பான் என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அம்மா, ஏழெட்டு எத்தனை?"

"அம்பத்திநாலு."

"இன்னும் அம்பத்திநாலுதானோ? நீங்கள் பங்கருக்குள்ள சொல்லித் தந்த வாய்பாட்டுக்கு நான் பள்ளிக்கூடத்தில வாங்கின அடி."

மேலே ஷெல் கூவிக்கொண்டு போகும்போது பிள்ளை அழாமல் இருக்கத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை என்று இத்தனை வருடமும் எனக்குச் சொல்லவில்லை. அவனுக்குப் பக்கத்தில் யாரோ யல்லா, யல்லா என்று அவசரப்படுத்திக் கத்துவது கேட்டது. அப்படியும் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுத்தான் போனான். சாப்பிட்டீர்களா என்று கேட்கவே இல்லை.

பொழுதுபட அவளுக்கு எடுத்தான். அறைக்குள் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணி நிக்குதோ, தண்ணி நிக்குதோ என்று என்னைப் போலவே சொல்லிப் பார்த்தாள். அதையும் அவளிடம் கொடுத்துவிட்டான். சுவரோடு நின்று வாய்பாடும் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை. சிரிப்பு அடங்கி, கிளினிக் கதை, வாடகைக் கதை எல்லாம் வந்தது, ஏழெட்டு வரவில்லை.

வெளியே வந்தவள், சோபாவுக்குத் திரும்பிவிட்ட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இவ்வளவு நேரம் என்ன மாமி கதைச்சனீங்கள்? தண்ணியைச் சொன்னவர். பிறகு கனக்கக் கதைச்சதாம், அது அம்மாவுக்கும் தனக்கும் மட்டும் எண்டுறார்."

"சும்மா."

"பங்கருக்குள்ள இருந்தா எப்பிடி மாமி இருக்கும்?"

"அது உமக்கு விளங்காது பிள்ளை" என்றேன்.

அவள் இன்னும் கேட்பாள் போல இருந்தாள். நான் எழும்பிக் குசினிக்குப் போய், இரவுக் குழம்புக்குப் புளி கரைத்தேன், என் அளவுக்கு.