அடித்தண்ணி மீனின் தோல்

டிரம் கதவைத் திறந்தபோது தோல் வரவில்லை; கஞ்சி வந்தது. ஆம்பூர் தோல் ஷெட்டில் டிரம் மேஸ்திரியாக இருந்த காலத்தில் எத்தனையோ பேஜாரைப் பார்த்திருக்கிறேன். இது புதுசு.

எங்கள் ஷெட்டில் எப்போதும் ஓடியது ஆட்டுத்தோல். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கைப்பைக்கு மீன்தோல் சாம்பிள் கேட்டதால், எங்கள் முதலாளி பெரிய பாய், காசிமேட்டு மீன்காரன் சூசையிடமிருந்து மூன்று கட்டுத் தோல் வரவழைத்தார். கரையோர மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை ஒன்று. நடுக்கடலில் ஓடும் கேரை மீன் ஒன்று. மூன்றாவது, வெளிச்சமே போகாத ஆழத்திலிருந்து வலையில் ஏறிய கறுப்பு மீன். அதன் பேர் சூசைக்கே தெரியாது. "கண்ணு மட்டும் டார்ச் லைட் மாதிரி இருக்கும் மேஸ்திரி" என்று போனில் சொன்னான்.

சுண்ணாம்பு எடுத்த தோலை மிருதுவாக்க, பேட்டிங் என்ற நொதி மருந்தைத் தண்ணீரில் போட்டு ஓட்டுவோம். ஆட்டுத்தோலுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். தோல் என்றால் எல்லாம் தோல்தானே என்று, மூன்றையும் தனித்தனி டிரம்மில் அதே சூட்டில் ஓட்டினேன். திருக்கை நின்றது, கேரையும் நின்றது. கறுப்பு மீன் கரைந்துபோனது.

பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாய்யா இது? தோல் குடுத்தா பாயா காய்ச்சி வெச்சிருக்க?"

"அழுகின மீனு பாய். சூசை ஏமாத்திட்டான்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. பாய் அங்கேயே போனைப் போட்டு, "இனிமே உன் சரக்கு வேணாம்பா" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் காலை ரயிலில் சூசையே வந்துவிட்டான், கையில் தெர்மோகோல் பெட்டியோடு. அதில் அதே மீனின் ஆறு தோல்.

"அழுகினத வித்தான்னு இதுவரைக்கும் எவனும் என்னச் சொன்னதில்ல மேஸ்திரி. மோந்து பாரு."

மோந்தேன். ஐஸும் உப்பும்தான்.

"இன்னா பண்ண அத்த?"

சூட்டைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான்.

"வெந்நில போட்டியா? அடப்பாவி! அடித்தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்யா. அந்த வலைய இஸ்த்தா கையி மரத்துப்பூடும். பொறந்ததுலேர்ந்து வெயிலே பாக்காத மீனு அது. எந்தத் தண்ணில வளந்துச்சோ அந்தத் தண்ணியக் கேட்டுப் போடணும்."

ஓரத்தில் வெட்டிய ஒரு துண்டை மக்கில் வெதுவெதுப்பான தண்ணீரிலும் இன்னொன்றை ஐஸ் தண்ணீரிலும் போட்டேன். மக்கில் போட்டது சுருண்டு பிசுபிசுத்தது. மற்றது அப்படியே கிடந்தது.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும், ஐஸ் தண்ணீரில் செய்து சாம்பிளை அனுப்பியிருக்கலாம். சூசையின் பேர்தான் கெட்டது கெட்டதாகவே இருந்திருக்கும். அவனைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன்.

"மீனு அழுகல பாய். தண்ணி சூடு நான் வெச்சது. தப்பு என்னோடது."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சூசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "மாஃப் பண்ணுப்பா. இனிமே சரக்கு நல்லால்லேன்னு இந்தாளு சொன்னா, மொதல்ல இவன் கைய டிரம்முல வுட்டுப் பாக்குறேன்."

அந்த ஆறு தோலையும் டிரம்மில் போடவில்லை. ஐஸ்கட்டி போட்ட பேரலில் கையாலேயே புரட்டினோம். விரல் மரத்துப்போனது, தோல் நின்றது.

அதன்பிறகு சரக்கு கெட்டால் முதலில் என் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பேன், அடுத்தவன் பேரைத் தொடுவதெல்லாம் அப்புறம்தான். ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். சூசை இன்றும் போன் செய்வான். எடுத்ததும் நலம் விசாரிக்கமாட்டான்.

"மேஸ்திரி, குளிக்க வெந்நியா, பச்சைத் தண்ணியா?"